இடமா வலமா? ஒளியையும் கணக்கையும் வைத்து ஆடிப்பிம்ப மூலக்கூறைக் கண்டுபிடிக்க

ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்கு எல், டி என்று இரண்டு வகை; ஒன்று மற்றதன் ஆடிப்பிம்பம். எல் வகை ஒரு குப்பி, டி வகை ஒரு குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சம எடை எடுத்து நீரில் கரைத்து, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி (புற ஊதா) ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக வையுங்கள். 257 நானோமீட்டர் பக்கம் ரம்பப்பல் மாதிரி நெளிந்த ஒரு மேடு எழும். அடுத்ததற்கும் அதே மேடு, அதே பல். உருகுநிலையும் ஒன்று, அகச்சிவப்பு நிறமாலையும் ஒன்று. முதுகலை ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் இந்த இடத்தில் "மேடம், மெஷின் ரிப்பேர்" என்று வந்து நிற்பார்கள். மெஷினுக்கு ஒன்றும் இல்லை. அது சரியாகத்தான் சொல்கிறது.

கீழக்கரையில் சங்கு வியாபாரம் செய்கிறவரிடம் ஒரே அளவில் ஒரு வலம்புரியையும் ஒரு சாதாரணச் சங்கையும் கொடுத்து, தராசை மட்டும் வைத்துப் பிரிக்கச் சொன்னால் அவரால் முடியாது. கையில் எடுத்தால் பார்க்காமலே சொல்லிவிடுவார். கைக்கு இடம் வலம் உண்டு, தராசுக்கு இல்லை. சாதாரண ஒளி தராசு மாதிரி. மூலக்கூறின் இடம் வலம் தெரிய வேண்டுமானால், இடம் வலம் உள்ள ஏதோ ஒன்றை நாம்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒளியையே அப்படி ஆக்கலாம். அல்லது கரைசலுக்குள் இடம் வலம் உள்ள இன்னொரு மூலக்கூறைப் போட்டுவிட்டுச் சாதாரண ஒளியில் பார்க்கலாம்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் மருந்துக்கடையில் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரைகளை வாங்கி அட்டையைப் பார்க்கட்டும். முதலாவது 10 மில்லிகிராம், இரண்டாவது 5. செட்டிரிசினில் இரு பிம்பமும் சரிபாதி. வேலை செய்கிற பாதியை மட்டும் பிரித்து எடுத்தது லெவோசெட்டிரிசின். ஆனால் பயிற்சிக்கு மாத்திரையைப் பொடித்துப் போட வேண்டாம். மாத்திரையில் நிரப்பியாகச் சேர்க்கும் லாக்டோஸும் ஒளியைச் சுழற்றும். நீங்கள் மருந்தை அளப்பதாக நினைத்துப் பால் சர்க்கரையை அளந்துகொண்டிருப்பீர்கள்.

முதலில் போலாரிமீட்டர்

ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, அதாவது தளமுனைவுற்ற ஒளியை, கரைசல் வழியே விட்டால் அதன் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது போலாரிமீட்டர். பிரான்சில் பியோ 1815-லேயே டர்பன்டைன் போன்ற திரவங்கள் ஒளியைத் திருப்புவதைப் பார்த்துவிட்டார். லேபில் கருவி இல்லையென்றாலும் கவலை இல்லை. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவுற்றது. அதன் மேல் தட்டையான அடியுள்ள கண்ணாடிக் குழாயை நிறுத்தி, மேலே போலராய்டு தாள் ஒட்டிய ஒரு வட்டத்தைக் கோணமானி மேல் சுழற்றினால் கொள்கை புரிந்துவிடும். எண் வேண்டுமானால் ஒரே நிற ஒளி வேண்டும்: சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர். சிவப்பு எல்இடி போட்டால் திருப்பம் குறைவாகத்தான் வரும். புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

அளவீடு செய்ய எங்கள் பக்கத்தில் பனங்கற்கண்டு போதும். சாயல்குடி பக்கமிருந்து வருவது; நல்ல படிகமாகப் பொறுக்கினால் அது கிட்டத்தட்டச் சுக்ரோஸ்தான். 26 கிராமை நீரில் கரைத்து 100 மில்லிலிட்டர் ஆக்கி, 20 சென்டிமீட்டர் குழாயில் ஊற்றினால் ஏறக்குறைய +34.6 டிகிரி வர வேண்டும். சுக்ரோஸின் நியம சுழற்சி (1 டெசிமீட்டர் குழாயில் மில்லிலிட்டருக்கு 1 கிராம் என்ற கணக்கில் வரும் திருப்பம்) +66.5, அதை 2 டெசிமீட்டராலும் 0.26-ஆலும் பெருக்கிப் பாருங்கள். கரைசல் மஞ்சளாக இருந்தால் கரித்தூள் போட்டு வடிகட்டுங்கள். குறைவாக வந்தால் ஈரமோ வேறு சர்க்கரையோ கலந்திருக்கிறது. சுக்ரோஸ் உடைந்தால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் வரும். ஃப்ரக்டோஸ் இடப்பக்கம் பலமாக இழுப்பதால் கூட்டுத்தொகை எதிர்க்குறிக்குப் போய்விடும்.

"இதை வைத்து ஒரிஜினல் பனங்கற்கண்டா, சீனியில் செய்ததா என்று கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. முடியாது. கரும்புச் சுக்ரோஸும் பனைச் சுக்ரோஸும் ஒரே பொருள், ஒரே திருப்பம்.

சூடத்தில் ஓரளவு முடியும். மரத்திலிருந்து வரும் கற்பூரம் வலஞ்சுழி: எத்தனாலில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் கரைத்து அதே 20 சென்டிமீட்டர் குழாயில் வைத்தால் 9 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆலையில் செய்வது பெரும்பாலும் சரிபாதிக் கலவை, ரெசிமிக், திருப்பம் சுழியம். சுழியம் வந்தவுடன் ரெசிமிக் என்று எழுதிவிட வேண்டாம். கரையாமல் அடியில் கிடந்தாலும் சுழியம்தான், வேறு வெள்ளைப் பொருளானாலும் சுழியம்தான். 290 நானோமீட்டர் பக்கம் கற்பூரத்தின் கார்பனைல் உறிஞ்சல் இருக்கிறதா என்று யூவியில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

போலராய்டைச் சுழற்றும்போது வெளிச்சம் மிகக் குறையும் இருள்புள்ளியைக் கண்ணால் தேடி அங்கேயே நிற்காதீர்கள். அந்த இடத்தில் வெளிச்சம் மிக மெதுவாக மாறுவதால் கண் தடுமாறும். இருளின் இடப்பக்கம் ஒரு மங்கல், வலப்பக்கம் அதே அளவு மங்கல் என்று இரண்டு கோணத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். அப்படிப் பத்து வாசிப்பு கரைசலுக்கு, பத்து வாசிப்பு வெறும் கரைப்பானுக்கு. இரண்டு சராசரிகளின் வித்தியாசம் அதன் திட்டப் பிழையைப் போல் மூன்று மடங்காவது இல்லையென்றால் குறி போட வேண்டாம். இன்னொன்று: +170-ம் −10-ம் கருவிக்கு ஒன்றுதான். கரைசலைப் பாதியாக நீர்த்துப் பாருங்கள். 85 வருகிறதா, −5 வருகிறதா என்பதில் தெரிந்துவிடும்.

பாஸ்டர் 1848-ல் டார்டாரிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, இடப்படிகம் வலப்படிகம் என்று கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். நம் வீட்டுப் புளியில் புளிப்பது அந்த அமிலத்தின் வலஞ்சுழி வகைதான். அந்த உப்பு தனித்தனிப் படிகமாகப் பிரிவது 28 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மட்டும். அதற்கு மேல் இரண்டும் சேர்ந்து ஒரே படிகமாகிவிடும். அவர் மே மாதத்தில் ராமநாதபுரத்தில் உட்கார்ந்திருந்தால் பொறுக்க ஒன்றும் கிடைத்திருக்காது.

பாசியில் ஒரு பொறி

புள்ளியியல் மென்பொருளைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கடற்கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து இவற்றிலிருந்து அகர் எடுப்பார்கள். பெப்சிப் பாசி என்று எல்லாரும் சொல்லும் கப்பாஃபைகஸிலிருந்து வருவது காராஜீனன். இரண்டும் காலக்டோஸ் சங்கிலிகள். அகரின் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 3,6-அன்ஹைட்ரோ காலக்டோஸ் எல் வகை. காராஜீனனில் அதே இடத்தில் டி வகை. ஒரே கடலில் வளரும் இரண்டு பாசி, ஒன்றுக்கொன்று எதிர்ப்பிம்பமான சர்க்கரையை வைத்திருக்கிறது. கேட்டவுடன் ப்ராஜெக்ட் தலைப்பு எழுதத் தோன்றும்.

தோன்றியது. இரண்டு பொடியிலும் நிறைய மாதிரி எடுத்து, அகச்சிவப்பு நிறமாலை பதிந்து, நிறைய எண்களை ஒன்றிரண்டாகச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வில் போட்டால் அகர் ஒரு கூட்டமாகவும் காராஜீனன் ஒரு கூட்டமாகவும் அழகாகப் பிரிந்து நிற்கும். "டி, எல் பிரிந்துவிட்டது" என்று அறிக்கை தயார். ஆனால் எந்த அலைஎண் அந்தப் பிரிவைத் தருகிறது என்று பார்த்தால் 845-ம் 1240-ம் நிற்கின்றன. இரண்டும் காராஜீனனில் ஒட்டியிருக்கும் சல்பேட்டுடையவை. அன்ஹைட்ரோ காலக்டோஸுக்கு உரிய 930 பட்டை இரண்டு பொடியிலும் இருக்கிறது. அகச்சிவப்புக்கு அந்தச் சர்க்கரையின் இடம் வலம் தெரியவே இல்லை. கணினி பிரித்தது சல்பேட்டை.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் என் சின்னம்மா இதைக் கேட்டுவிட்டு, "காயப்போட்டது ரெண்டையும் கையில குடு, கண்ண மூடிக்கிட்டே சொல்றேன். இதுக்கு மிஷினு வேணுமா தாயி?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். வேறு ஆயிரம் வித்தியாசம் உள்ள இரண்டு பொருளைப் பிரிக்க எதுவும் போதும். இடம் வலம் தவிர வேறு எதிலும் வித்தியாசம் இல்லாதபடி மாதிரிகளைத் தயாரிப்பதில்தான் இந்த வேலையின் முக்கால்வாசி இருக்கிறது.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் வழி

பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஏழு குளுக்கோஸ் சேர்ந்த வளையம், நடுவில் குழி. குளுக்கோஸ் எல்லாம் டி வகை என்பதால் குழிக்கும் இடம் வலம் உண்டு. ஃபினைல்அலனினின் பென்சீன் வளையம் குழிக்குள் போய் உட்காரும்போது, டி ஒரு விதமாகவும் எல் சற்றே வேறு விதமாகவும் பொருந்தும். இப்போது அவை ஆடிப்பிம்பங்கள் அல்ல, இரண்டு வெவ்வேறு சேர்மங்கள். எனவே சாதாரண யூவி ஒளிக்கே வித்தியாசம் தெரியும், ஆனால் மிக மிகக் கொஞ்சமாக. பெரும்பாலும் உறிஞ்சலின் மூன்றாம் தசம இடத்தில். அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. பல அலைநீளங்களை ஒன்றாக எடுத்துப் புள்ளியியலால் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் கென்னத் புஷ், மரியானா புஷ் குழுவினர் 2000-களின் தொடக்கத்தில் இந்த வழியை விரிவாகச் செய்துகாட்டினார்கள். இடஞ்சுழி வலஞ்சுழி ஒளிகளின் உறிஞ்சலை ஒப்பிடும் வட்ட இருநிறக் கருவி வாங்க முடியாத கல்லூரிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தயாரிப்பு: 7 பிஎச் பாஸ்பேட் தாங்கல் கரைசல் 1 லிட்டர் எடுத்து அதில் 11.35 கிராம் பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரையுங்கள், 10 மில்லிமோலார். குப்பியில் இருக்கும் பொடி நீரேறியது, அதுவும் எங்கள் ஊர்க் காற்றில் சொல்லவே வேண்டாம். அதில் உள்ள ஈரத்தைக் கணக்கிட்டுக் கூட்டி எடுங்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் கரையாது என்பதால் ஆசைப்பட்டு அதிகம் போடாதீர்கள். இந்த ஒரே லிட்டரிலிருந்துதான் எல்லாக் கரைசலும். 82.6 மில்லிகிராம் எல் வகையை அதில் கரைத்து 100 மில்லிலிட்டர். அதே எடை டி வகை இன்னொரு 100. இரண்டும் 5 மில்லிமோலார். 1 சென்டிமீட்டர் செல்லில் உறிஞ்சல் 1-க்கு அருகில் வரும். மீதியை வெற்றுக் கரைசலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, டி பங்கு 0-லிருந்து 1 வரை பன்னிரண்டு மாதிரிகள். பிப்பெட்டை நம்புவதைவிடத் தராசில் எடை பார்த்துக் கலப்பது நல்லது. இவை பயிற்சி மாதிரிகள். சோதனை மாதிரிகள் ஆறு தனியே வேண்டும், அவற்றுக்குப் புதிதாக எடை போட்டுப் புதிய மூலக் கரைசல்கள், முடிந்தால் வேறொருவர் கையால். இதில் சோம்பல்பட்டால் பின்னால் வரும் எல்லா எண்ணும் பொய்.

ஏன் என்று சொல்கிறேன். டி கரைசலில் அரை சதவீதம் எடை கூடிவிட்டது என்று வையுங்கள். உறிஞ்சல் 0.005 கூடும். நாம் தேடும் வித்தியாசத்தைவிட அது பெரிது. டி அதிகமாக அதிகமாக உறிஞ்சலும் ஒழுங்காக ஏறும். கணினி அதை மகிழ்ச்சியாகப் பிடித்துக்கொண்டு அருமையான நேர்கோடு போட்டுத் தரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: தூய டி நிறமாலையிலிருந்து தூய எல் நிறமாலையைக் கழியுங்கள். மிச்சம் மூலநிறமாலையின் குட்டி அச்சாக, அதே மேடு அதே பல்லோடு வந்தால் அது எடைப் பிழை. சில இடத்தில் மேலும் சில இடத்தில் கீழுமாக அலைந்தால் நம்பிக்கை வைக்கலாம்.

அளக்கும்போது செல் குவார்ட்ஸாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் 257-ல் ஒளியை விழுங்கிவிடும். ஒரே செல், ஒரே பக்கம் முன்னோக்கி. யூவி ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கை அரை மணி நேரம் முன்பே போடுங்கள். மின்னழுத்தம் ஆடும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். 240-லிருந்து 280 நானோமீட்டர் வரை, அரை நானோமீட்டர் இடைவெளியில், ஒவ்வொரு மாதிரிக்கும் மூன்று முறை செல்லை எடுத்துக் கழுவி நிரப்பிப் பதியுங்கள். கடல்காற்று வரும் லேபில் செல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்புப் படியும். ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, இழை உதிராத தாளால் ஒற்றி எடுங்கள்.

வெப்பநிலை மாறினால் குழியில் உட்காரும் அளவே மாறும். 25 டிகிரியில் நிறுத்தக் குளிர்விக்கும் சுற்றுநீர் இல்லையென்றால், அறை வெப்பத்துக்கு மேலே 40-ல் நிறுத்திவிடுங்கள். சூடாக்கி நிறுத்துவது எந்த லேபிலும் முடியும். பிணைப்பு சற்றுத் தளரும், பரவாயில்லை. ஆடுகிற 25-ஐவிட ஆடாத 40 மேல்.

அளக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். 0, 0.1, 0.2 என்று ஏறுவரிசையில் அளந்தால் காலையிலிருந்து மாலைவரை விளக்கு மெல்ல மங்குவதும் டி பங்கு ஏறுவதும் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் அளப்பது மூலக்கூறை அல்ல, மணியை.

கணக்கு

ஒரு நிறமாலையில் 81 அலைநீளங்கள், மாதிரியோ பன்னிரண்டு. சமன்பாட்டைவிடத் தெரியாதவை அதிகம். சாதாரண மீச்சிறு வர்க்க முறை இங்கே நடக்காது. பக்கத்துப் பக்கத்து அலைநீளங்கள் ஒன்றாகவே ஏறி இறங்குவது அடுத்த தலைவலி. பகுதி மீச்சிறு வர்க்கம், அதாவது பிஎல்எஸ், அந்த 81-ஐயும் டி பங்கோடு சேர்ந்து மாறும் சில மறைகூறுகளாகச் சுருக்கித் தரும். ஆர் மொழியில் இதற்கென்றே தொகுப்பு உண்டு, பைத்தானில் சைகிட்-லேர்னில் இருக்கிறது. இரண்டும் இலவசம்.

ஒவ்வொரு அலைநீளத்திலும் பயிற்சி மாதிரிகளின் சராசரியைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். மறைகூறு எத்தனை என்பதைக் குறுக்குச் சரிபார்ப்பு சொல்லட்டும்: ஒரு மாதிரியை வெளியே வைத்து மற்றவற்றால் அதைக் கணிப்பது. வெளியே வைக்கும்போது அந்த மாதிரியின் மூன்று பதிவையும் சேர்த்து வெளியே வையுங்கள். ஒன்றை வெளியே வைத்து இரண்டை உள்ளே விட்டால், விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற கதை. இரண்டு மூன்று கூறுகளில் பிழை இறங்கி நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கூறுகளைக் கூட்டக் கூட்டப் பயிற்சி மாதிரிகளில் பிழை இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அது சாதனை அல்ல. ஒவ்வொரு அலைநீளத்துக்கும் பிஎல்எஸ் தரும் எடை எண்ணை, அதாவது கெழுவை, அலைநீளத்துக்கு எதிராக வரையுங்கள். வளைவு வழவழப்பாக இருக்க வேண்டும். முள்முள்ளாக நின்றால் கணினி இரைச்சலைப் படித்திருக்கிறது. கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் நிறமாலையைக் கண்டுபிடிக்கக் கல்கத்தாவில் மஹலனோபிஸ் 1936-ல் தந்த தொலைவு அளவையை மறைகூறு மதிப்புகளில் போடுங்கள்.

பிறகு, எல்லாரும் தாண்டிப்போகிற சோதனை. இதே வேலையை சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாமல் முழுக்க ஒருமுறை செய்யுங்கள். அதே எடை, அதே கலவை விகிதம், அதே குலுக்கல், அதே எண்ணிக்கை மறைகூறு. குழி இல்லையென்றால் டி-க்கும் எல்-க்கும் நிறமாலையில் வித்தியாசம் இருக்கவே முடியாது. எனவே கணிப்பு தோற்க வேண்டும். டி பங்கு 0-லிருந்து 1 வரை சீராகப் பரவியிருக்கும்போது, ஒன்றுமே தெரியாமல் எல்லாவற்றுக்கும் 0.5 என்று சொல்கிறவருக்கே பிழை 0.3 பக்கம்தான் வரும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லாத ஓட்டம் அந்த 0.3-ஐச் சுற்றியே நிற்க வேண்டும். அதைவிட நன்றாகக் கணித்தால் கொண்டாடாதீர்கள்: எடையோ, வரிசையோ, செல்லோ, ஏதோ ஒன்று டி பங்கைக் கணினிக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அது சைக்ளோடெக்ஸ்ட்ரின் உள்ள ஓட்டத்திலும் காட்டிக்கொடுத்திருக்கும். இந்த ஓட்டம் இல்லாமல் யாராவது 0.999 என்று தொடர்புக்கெழு காட்டினால் நான் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை.

கூடவே ஒரு குலுக்கல் சோதனை: டி பங்குகளைக் கணினியில் தாறுமாறாக மாற்றி ஒட்டி ஆயிரம் முறை பிஎல்எஸ் மாடலை உருவாக்குங்கள். உண்மையான வரிசையில் கிடைத்த குறுக்குச் சரிபார்ப்புப் பிழையை, தாறுமாறு வரிசைகளில் எத்தனை எட்டிப்பிடிக்கின்றன என்று எண்ணுங்கள். ஆயிரத்தில் ஐம்பது பிடித்தாலே யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் தாண்டிய பிறகுதான் அந்த ஆறு சோதனை மாதிரிகள். அதுவரை அவற்றின் நிறமாலையை மாடலுக்குக் காட்டவே கூடாது. ஆறிலும் கணித்ததற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து மூலம் போட்டால் வருவதே உங்கள் கருவியின் நேர்மையான பிழை. தெரியாத மாதிரிக்கு விடை எழுதும்போது இதைத்தான் ± பக்கத்தில் போட வேண்டும், பயிற்சிப் பிழையை அல்ல.

தெரியாத மாதிரியின் மொத்தச் செறிவும் 5 மில்லிமோலாராக இருக்க வேண்டும். 257-ல் உறிஞ்சலைப் பார்த்து நீர்த்துச் சரிசெய்யுங்கள், அதே சைக்ளோடெக்ஸ்ட்ரின் கரைசலால். ஃபினைல்அலனினுக்குச் செய்த மாடல் டிரிப்டோஃபேன் போன்ற வேறு அமினோ அமிலத்துக்கு உதவாது. பொருள் மாறினால் எல்லாமே முதலிலிருந்து. தினமும் தெரியாததை வைக்கும் முன் தெரிந்த ஒரு 0.5 கலவையை வைத்துப் பாருங்கள். அது ± எல்லைக்கு வெளியே போனால் அன்றைக்கு விளக்கையும் செல்லையும் சரிபாருங்கள், விடை எழுத வேண்டாம். சில சமயம் டி பங்கு 1.03 என்று வரும். ஒன்றுக்கு மேல் பங்கு இருக்க முடியாது என்று 1-ஆகத் திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள். பிழை 0.04 என்றால் 1.03 ± 0.04 என்றே எழுதுங்கள். படிக்கிறவருக்கு அது தூய டி-யோடு ஒத்துப்போகிறது என்று புரியும்.